அண்ணே, பின் ப்ரேக்கை மாற்றிவிட்டேன்

இந்தத் தோட்டத்திலேயே பெரிய பிடிவாதக்காரனான என் அருமை அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷமாகிறது. உன் பைக்கை இரும்புக் கடைக்குப் போடச் சொல்லி அம்மா தினமும் சண்டை. "எம் புள்ளையக் கொன்ன சாமான் என் வாசல்ல நிக்கக் கூடாது" என்பாள்.

பைக் உன்னைக் கொல்லவில்லை, அண்ணே. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, ரப்பர் மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குவாயே, அதுதான் கொன்றது. முன் ப்ரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று எல்லோரையும் போல நீயும் பின் ப்ரேக்கையே மிதித்தாய். இறக்கம் முழுக்க மிதித்துச் சூடேறிய பழைய ட்ரம் ப்ரேக் கடைசி வளைவில் எப்படிப் பிடிக்கும்? உன்மேல் எனக்குக் கோபம்தான்.

எனக்கு இப்போது தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை. முன்பெல்லாம் லயத்து வீடுகளில் யாருக்கு முடியாமல் போனாலும் உன் பைக்தான். இப்போது தோட்டத்து லொறிக்குக் காத்துக் கிடக்கிறார்கள். போன மாசம் இழுப்பு வந்த பெரியவர் ஒருவர் லொறி வருவதற்குள் துவண்டுவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இதை நான்தான் ஓட்டுவேன் என்று. ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீதானே?

கலவான டவுனில் கராஜ் வைத்திருக்கிற உன் கூட்டாளி சுனில் பாஸ் முதலில் பிடிகொடுக்கவில்லை. "நங்கி, ட்ரம்முக்குப் புது லைனர் போட்டா ஹரிதானே, சரியாப் போயிடும்" என்று என்னையும் தன் தங்கச்சியாக்கிச் சொன்னார். டிஸ்க்தான் வேண்டும் என்று நின்றேன். மோதி நொறுங்கிய வேறொரு பைக்கின் பின் சக்கரமும் டிஸ்க்கும் கலிப்பரும் கிடைத்தன. ஆனால் கலிப்பரைப் பொருத்த உன் பைக்கில் இடமில்லை. இரும்புத் தகட்டை வெட்டி, ராவி, ஒரு தாங்கி செய்தார். ஓட்டிப் பார்த்து மிதித்தேன். டிஸ்க்கைக் கவ்விய கலிப்பர் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்த்தது, தகடு வளைந்துபோனது.

அவர் தலையில் கைவைத்தார். நான் விடவில்லை. தடித்த தகடாக வெட்டவைத்தேன். அது திரும்பாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கம்பியும் போட்டோம். இப்போது உன்னைவிடப் பிடிவாதமாக நிற்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா?" என்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நா இல்லாம நீ அந்த எறக்கத்துல எறங்கக் கூடாது. போனா ரெண்டு பேருமா போவோம்."

"அம்மா, எறங்குங்கம்மா" என்று கெஞ்சினேன். அசையவில்லை.

எஞ்சினை அணைக்காமல், இரண்டாம் கியரில், இரண்டு ப்ரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன். தூறல் வேறு. நீ விழுந்த வளைவு வந்ததும் அம்மா என் தோளை இறுக்கி, "நிப்பாட்டு" என்றாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மிதித்தேன். வழுக்காமல் நின்றது.

அம்மா இறங்கவில்லை. அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்குதுடி" என்றாள். "எம் புள்ளைக்குத்தான் நிக்கல."

என் முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன், அண்ணே. உனக்குக் கேட்டதா? கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, போ. மேல் லயத்துப் புள்ளைக்கு நாளைக்கு கிளினிக் இருக்கு. நீ கூட்டிட்டுப் போறேன்னு நாஞ் சொல்லிட்டேன்" என்றாள்.

நாளைக்குப் போகிறேன். என் பின்னால் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையையும் அதன் அம்மாவிடம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். இது சத்தியம்.

அம்மாவுக்கு இப்போது ஒரே பிள்ளையான
உன் தங்கச்சி,
செல்வி