துடுப்பைக் கடித்த பல்

மண்டூர்
12.05.2024

அன்புள்ள தர்ஷன் மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீங்களும் அந்த மெல்பேர்ண் குளிரில் சுகமாக இருக்க முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வீடியோவில் முகம் காட்டாமல் ஒளிகிறேன் என்று மாமியிடம் முறைப்பாடு செய்தீர்களாம். உங்களைப் பெற்றவர் என்றாலும் மாமி என் பக்கம்தான், மறந்துவிட வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் பல்லை நேராக்குவோம் என்றது யார்? நீங்கள்தான். உங்களுக்கென்ன, கண்ணாடி போல ஓர் உறை. நினைத்தால் மாட்டலாம், நினைத்தால் கழற்றலாம். எனக்கு டொக்டர் நிஸ்றா போன வருசமே பல்லுக்குப் பல் வெள்ளைப் பீங்கான் துண்டு ஒட்டி, ஊடே கம்பி ஓட்டிவிட்டார். சிரித்தால் வேலி அடைத்த வளவு மாதிரி இருக்கிறது. நம் கோயிலில் பூசகர் துணியால் வாய்கட்டிப் பூசை செய்வது போல நானும் சுடிதார்ச் சாலால் வாயை மூடிக்கொண்டே திரிகிறேன். கம்பி கழலும்வரை முகம் கிடையாது, கடிதம்தான்.

நேற்றுப் பின்னேரம் துறையடியில் இருந்தேன். நிச்சயம் செய்த அன்று அப்பாவின் தோணியில் போனது நினைவிருக்கிறதா? ஊரே தண்ணீரில் விட்ட துடுப்பின் முனையில் காதை வைத்துத்தான் வாவி மீன் பாடுவதைக் கேட்கும். நீங்கள் மட்டும், "காது வேணாம், பல்லால கடிச்சுப் பாருகா" என்றீர்கள். என் தெத்துப்பல் மரத்தில் அளவாகப் போய் உட்கார்ந்தது. பாட்டு தலைக்குள்ளேயே கேட்டது. அந்தப் பல் இப்போது மெல்ல மெல்ல வரிசைக்குப் போகிறது. எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

உங்கள்
அஜந்தா


மெல்பேர்ண்
09.06.2024

என் அன்பு மச்சாளுக்கு,

உன் கடிதத்தை ரயிலில் படித்து, இறங்கும் இடத்தையும் தாண்டிப் போனேன். வேலைக்குப் பிந்தியதற்கு நீதான் பொறுப்பு.

வேலை இறைச்சி வைக்கும் குளிரறையில். விரலெல்லாம் மரத்துப்போகும். அதனால் சீனி போட்ட தேத்தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய் நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றி, பல் உறையையும் கழற்றிக் கழுவ யாரால் ஏலும்? உறையோடேயே குடிப்பதுதான். சோறு தின்னும்போது மட்டும் கழற்றுகிறேன்.

நேற்று ஒரு கனவு. நம் வாவி உங்கள் அடுப்படிவரை வந்திருந்தது. நீ முழங்கால் தண்ணீரில் நின்று தேங்காய் துருவினாய். உன் காலைச் சுற்றி மீன்கள். ஒரு சத்தமும் இல்லை. வருகிற பறுவ நிலவுக்கு அப்பாவோடு தோணியில் போய் எனக்காகக் கேள். மீன்கள் என்ன பாடின என்று எழுது.

உன்
சிவதர்ஷன்


மண்டூர்
23.07.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் கேட்டபடி போனேன். கரையோரக் கண்ணாப் பற்றைக்கு மேல் நிலா வந்ததும் வாவி முழுக்கப் பால் நிறமாகிவிட்டது. அப்பா தோணியை நிறுத்தினார். பழைய நினைவில் துடுப்பைக் கடித்தேன். வாயில் கம்பி இருப்பதே மறந்துவிட்டது.

அப்படி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கம்பியெல்லாம் அதிர்ந்தது. எங்கோ அடியில் ஒரு குரல் இழுக்க, இன்னொன்று வந்து தொட, ஒவ்வொரு பல்லும் வேறு வேறு சுரமாகப் பாடியது. தோணி, அப்பா, நிலா எதுவும் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தது போல இருந்தது. இன்னும் இறுக்கிக் கடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். தெத்துப்பல்லில் ஒட்டிய துண்டு பெயர்ந்து கையில் விழுந்தது. அதன் முதுகில் என் பல்லின் செதிலும் ஒட்டியிருந்தது.

மறுநாளே டொக்டரிடம் போனேன். "இந்த வெள்ளைத் துண்டு இரும்புத் துண்டவிடக் கெட்டியா ஒட்டும் தங்கச்சி. இப்பிடிப் பெயர்ந்தா எனாமலையும் இழுத்துக்கிட்டு வரும். அது நகம் மாதிரித் திரும்ப வளராது" என்றார். தயிரும் இனிப்புப் பாணியும் சாப்பிட்டுவிட்டு ஒழுங்காகப் பல் விளக்காததால் மற்றத் துண்டுகளைச் சுற்றியும் வெள்ளை விழுந்திருக்கிறதாம். உங்கள் தேத்தண்ணீர்க் கதையையும் சொன்னேன். "உடன நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார்.

உடைந்ததைப் பூசி மறைக்கலாமாம். ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் பூசிக்கொண்டு மணவறையில் இருக்க எனக்கு மனமில்லை. இந்தப் பல்லோடு என்னை ஏற்பீர்களா? நேராகக் கேட்கிறேன், நேராக எழுதுங்கள்.

உங்கள்
அஜந்தா


மண்டூர்
06.10.2024

மச்சானுக்கு,

இரண்டு மாதம் தாண்டிவிட்டது. மாமியோடு பேசும்போது எங்கள் வீட்டு ஆடு மாடுவரை விசாரிக்கிறீர்கள். என்னை மட்டும் விசாரிப்பதில்லை.

கம்பி கழற்றியாயிற்று. பற்கள் நேராகத்தான் நிற்கின்றன. ஆனால் துண்டு இருந்த இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு தொட்டது போல வெள்ளை. தெத்துப்பல்லில் குளிர்தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் திரிகிறேன்.

தையில் நாள் வைக்க மாமி அடுத்த மாதம் வருகிறார். அதற்குள் நீங்கள் வாய் திறக்காவிட்டால், கல்யாணம் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. இல்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன். மீன் பாட்டைக் கேட்டு எழுது என்றது நீங்கள்தானே மச்சான்?

அஜந்தா


மெல்பேர்ண்
27.10.2024

என் மச்சாளுக்கு,

அம்மாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. உன் பல்லுக்காக நான் உன்னை விடுவேனா?

பல் உடைந்ததை நீ எழுதிய கடிதம் வந்த கிழமைதான் இங்கே டொக்டரிடம் போனேன். உறைக்குள் தேங்கிய சீனித் தேத்தண்ணீரில் நாள் முழுக்க ஊறி, கீழ்வரிசை முன்பற்களின் எனாமல் கரைந்துவிட்டது. மண்ணிறமாகிச் சொரசொரவென்று இருக்கின்றன. பல்லை நேராக்குவோம் என்று உன்னையும் இழுத்துவிட்ட நான், இதை எந்த வாயால் சொல்வேன்? எழுத உட்காருவேன், வெட்கமாக இருக்கும், எழும்பிவிடுவேன். அந்த மௌனத்தை நீ வேறு மாதிரி எடுப்பாய் என்று யோசிக்கவே இல்லை.

கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வைப்போமா? அதற்குள் பல்லைச் சரிசெய்து மனிதனாக உன் முன்னால் வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

உன்
சிவதர்ஷன்


மண்டூர்
17.11.2024

என் அன்புள்ள தர்ஷன் மச்சானுக்கு,

பொறுக்க ஏலாது. மாமி வந்தார். தைப்பொங்கல் கழிந்த முதல் நல்ல நாளுக்கு நானே ஓம் சொல்லிவிட்டேன். இனி நீங்களும் மாமியும் பட்ட பாடு.

உங்கள் கடிதம் மழையில் நனைந்து வந்தது. அடுப்படியில் வைத்து உலர்த்தி உலர்த்திப் படித்தேன். முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு. "என்னகா, வாய மூடாமச் சிரிக்காய்?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது, சால் தோளில் கிடந்தது.

இது மழைக்காலம், மீன் பாடாது. சித்திரை வந்ததும் தோணியில் போவோம். துடுப்பை ஒருவரும் கடிக்கத் தேவையில்லை. ஊர் கேட்பது போலக் காதை வைத்தே கேட்போம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வீடியோவில் கூப்பிடுங்கள். கீழ்வரிசை தெரியச் சிரிக்க வேண்டும். நான் மேல்வரிசையைக் காட்டுகிறேன்.

உங்கள்
அஜந்தா