டிராக்டருக்குப் பாலக்கரை எண்ணெய்

18 நவம்பர் 2024, திங்கள்

மேலூரில் உழவு. வாழை வெட்டிய கொல்லை. கட்டைகளைப் புரட்டி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

வாடகையில் பாதியை டீசலே குடித்துவிடுகிறது என்ற புலம்பல் இப்போது இல்லை. காலையில் டீசலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பிவிட்டால் அப்புறம் எண்ணெய்தான். சிப்ஸ் வறுத்து மிஞ்சிய பாமாயில். துணியில் வடிகட்டி, தெளியவைத்து, ஈரம் போகக் காய்ச்சி ஊற்றுகிறேன். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் பம்புக்குள் தங்கி, சூடு ஆறியதும் நெய் மாதிரி உறைந்துவிடும். அதை மட்டும் மறக்கக் கூடாது.

மெக்கானிக் ஆசீர்தான் இரண்டாவது டேங்க் கட்டிக் கொடுத்தார். ரேடியேட்டர் வெந்நீரைச் செப்புக்குழாயில் அதைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார். "அம்மாசி அண்ணே, ஊரே சிரிக்கப்போவுது" என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினார். சிரிக்கட்டுமே. சிரிக்கவாவது நாலு பேர் வரட்டும்.

20 நவம்பர், புதன்

திருச்சி டவுனுக்குள் பாலக்கரை போய் எண்ணெய் எடுத்து வந்தேன். வியாகுலம்மாள் சிப்ஸ் கடை. ஆசீரின் தெருக்கார அம்மா, ஆசீர் சொல்லித்தான் போக ஆரம்பித்தேன். உழவுக்குப் போகிற கொல்லைகளில் கொடுக்கும் வாழைத்தாரை நான் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர் பழைய எண்ணெயை எனக்குக் கொடுப்பது, இதுதான் ஏற்பாடு. பெரிய வாய் அந்த அம்மாவுக்கு. மொபெட்டை நிறுத்துவதற்குள், "வாங்க டிராக்டர்காரரே, இன்னிக்கு எந்தக் கொல்ல?" என்று கேட்டாகிவிட்டது. மேலூர் என்றேன். மண் எப்படி, கொல்லைக்காரர் சோறு போட்டாரா, என்ன குழம்பு, எல்லாம் கேட்டார். கத்தரிக்காய் என்றேன். "நல்லா இருந்துச்சா?" என்றார். யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நல்லாத்தான் இருந்தது.

24 நவம்பர், ஞாயிறு

பெங்களூரிலிருந்து இளவேனில் பேசினாள். "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரிப்பா, குக்கர் விசில் அடிக்குது." வைத்துவிட்டாள். பிள்ளை நல்ல பிள்ளைதான். அந்த வீட்டுக் குக்கர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விசில் அடிக்கிறது.

9 டிசம்பர், திங்கள்

மழை. உழவு இல்லை. டிவி. யாரோடும் பேசவில்லை என்பது சாயங்காலம் பால்காரரிடம் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தொண்டை கட்டியிருந்தது.

27 டிசம்பர், வெள்ளி

புத்தி கெட்டுப்போச்சு எனக்கு. வேற என்ன சொல்றது.

விடிந்ததும் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பனி. எண்ணெய்க்குத் திருப்பியாகிவிட்டது. எதிரே ஒரு பிரேதம் வந்தது. ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, துண்டை இடுப்பில் கட்டி இறங்கி நின்றேன். பிரேதத்துக்கு முன்னால் வண்டியை உறுமவிட்டுக்கொண்டா நிற்பது? நாற்பது வருடப் பழக்கம், கை தானாகவே அணைத்துவிட்டது. டீசலுக்குத் திருப்பவில்லை.

அப்போதுகூட ஏறிக் கிளப்பியிருந்தால் தப்பித்திருக்கலாம். சூடு இருந்தது. ஆனால் பார்த்தேன் — தூக்குகிற நாலு பேர், சட்டி பிடித்த ஒருவர், தப்படிக்கிற இருவர். பின்னால் ஒருத்தர் இல்லை. ஒருத்தர்கூட. யார் என்று தப்படிக்கிறவரைக் கேட்டேன். "தனியா இருந்த பெரியவருங்க" என்றார். நடந்துவிட்டேன் பின்னாலேயே. சுடுகாடு வரைக்கும் போய், எல்லாம் முடிந்து, ஆற்றில் முழுகி, ஈரத்துணியோடு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. அங்கேயாவது சும்மா இருந்தேனா? கோபத்தில் திருப்பித் திருப்பி அடித்தேன். உள்ளே ஏதோ மடக்கென்றது.

எனக்குப் பின்னால் யார் நடப்பாங்க? அந்த நினைப்புதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. இப்போது வண்டியும் போச்சு.

28 டிசம்பர், சனி

ஆசீர் பிரித்துப் பார்த்தார். பம்புக்குள் எண்ணெய் உறைந்து, தண்டு முறிந்திருக்கிறது. சென்னைக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டுமாம், ஒரு மாதமாவது ஆகுமாம். "வந்தாலும் வெயில் காலம் வர்ற வரைக்கும் டீசல்தாண்ணே. எண்ணெய்ப் பேச்சே எடுக்காதீங்க" என்றார். சரி என்றேன்.

அப்படியென்றால் பாலக்கரைக்கு எதைச் சொல்லிக்கொண்டு போவது?

30 டிசம்பர், திங்கள்

போனேன். காந்தி மார்க்கெட்டில் ஒரு நேந்திரன் தார் வாங்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு போனேன். "இன்னிக்கு எந்தக் கொல்ல?" என்றார். திருவளர்ச்சோலை என்று வாயில் வந்தது. வரப்பில் ஒரு சாரைப்பாம்பு ஓடியது, நான் பிரேக் போட்டேன் என்றெல்லாம் அளந்தேன். "ஐயோ!" என்று கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் சொன்னதை ஒருத்தர் இப்படிக் கேட்டு எவ்வளவு காலம். எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு வந்தேன். ஹாலில் வைத்திருக்கிறேன்.

10 ஜனவரி 2025, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கமே ஜனமாக இருந்தது. காவிரிப் பாலம் முழுக்கக் கூட்டம். அதில் புகுந்து, மார்க்கெட் போய், தார் வாங்கி, பாலக்கரை போய்ச் சேர மதியமாகிவிட்டது. இன்றைய கொல்லை குணசீலம் பக்கம். கொல்லைக்காரருக்கு ஒரு காது கேட்காது என்று சேர்த்துவிட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இத்தனை பொய் எனக்குள் இருந்ததே தெரியாது. டிவி வைத்திருக்கிற மேசைக்கு அடியிலும் கேன் வந்துவிட்டது.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். பெண்டாட்டி ஜோதி உயிரோடு இருந்திருந்தால் வெறுங்கிண்ணம் கொடுக்க விட்டிருக்கமாட்டாள்.

22 ஜனவரி, புதன்

மாட்டிக்கொண்டேன்.

தாரை இறக்கி வைத்தேன். வியாகுலம்மாள் தண்டைத் திருப்பிப் பார்த்தார். ஏலத்தில் மண்டிக்காரர் போடுகிற எண், நீல மசியில், பளிச்சென்று. துடைக்க மறந்திருக்கிறேன். "எந்தக் கொல்லையில நீல மசி சேந்து காய்க்குது?" என்று கேட்டார். நான் ஏதோ குழறினேன். "ஆசீர் தம்பிகிட்டக் கேக்கட்டுமா?" என்றார். அவ்வளவுதான். வண்டி உடைந்ததைச் சொல்லிவிட்டேன்.

முகம் மாறிவிட்டது. "அப்ப என் எண்ணெய எடுத்துட்டுப் போயி என்ன பண்ணீங்க? ரோட்டோரத்து பஜ்ஜிக் கடைக்கு வித்தீங்களா? கருகுன எண்ணெயில மறுபடி வறுத்துப் போட்டா திங்கிற புள்ளைங்க வயிறு என்னாவும்? பழைய எண்ணெ வாங்குற சோப்புக்காரரு வாசல்ல வந்து நின்னாரு, டிராக்டருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்புனேன். என் மூஞ்சியில கரியப் பூசிட்டீங்களே."

இல்லம்மா என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உங்களோட பேசத்தான் வந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே? அறுபத்தோரு வயசு, என்னத்த வெட்கம்! திருடன் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

23 ஜனவரி, வியாழன்

தூக்கமில்லை. திருடன் என்றால்கூடப் போகட்டும். பிள்ளைகள் வயிற்றைக் கெடுத்தவன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதுதான் தாங்கவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

இளவேனில் பேசினாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றாள். டிராக்டரைக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் வந்துவிடச் சொன்னாள். அங்கே நான் யாரோடு பேசுவது, லிஃப்டோடா? இங்கே மட்டும் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

27 ஜனவரி, திங்கள்

லோடு ஆட்டோ பிடித்து ஹாலில் இருந்த கேன்களை எல்லாம் ஏற்றினேன். பாலக்கரையில் கடை வாசலில் இறக்கினேன். கல்யாண ஆர்டரோ என்னவோ, வாசலில் பெரிய கூட்டம். வியாகுலம்மாள் நிமிர்ந்து பார்த்து, முன்பின் தெரியாதவரைக் கேட்கிற மாதிரி, "சார், என்ன வேணும்?" என்றார். அந்த சார் சுட்டது.

எண்ணெயைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். ஒரு கேனைத் திறந்து முகர்ந்தார். அடுத்ததையும் திறந்தார்.

"விக்கலயா?"

"விக்கல."

"டிராக்டருக்கும் ஊத்தல."

"ஊத்தல."

"பின்ன எதுக்குய்யா வாரம் தவறாம வந்து தூக்கிட்டுப் போனீங்க? வீட்டுல அடுக்கிவச்சு அழகு பாக்கவா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் செல்போனில் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார். சொல்லிவிட்டேன்.

"உங்களோட பேசறதுக்கும்மா. வேற ஒண்ணுமில்ல. எண்ணெய் வேணாம்னா வர முடியாதேன்னுதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. திரும்பி, சீவலைச் சட்டியில் போட்டார். சளசளவென்று பொங்கியது. நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

29 ஜனவரி, புதன்

பம்பு வந்துவிட்டது. ஆசீர் மாட்டிக் கொடுத்தார். டீசலில் கிளம்புகிறது. நல்ல சத்தம். நாளை மேலூருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பாலக்கரைக்குப் போகிற நாள்தான் இன்று. போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

31 ஜனவரி, வெள்ளி

இன்றும் போகவில்லை. வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்பார்கள், எடுக்க வேண்டாம் என்று இருந்தேன். மறுபடி அடித்தது. எரிச்சலோடு எடுத்து, "ஒண்ணும் வேணாம்மா, வையி!" என்று கத்திவிட்டேன்.

"என்னத்த வேணாம்? ஆசீர் தம்பிகிட்டக் கெஞ்சி நம்பர் வாங்குனது இதக் கேக்கவா?"

வியாகுலம்மாள். பின்னால் சட்டி கொதிக்கிற சத்தம்.

"புதன்கிழமையும் வரல. இன்னிக்கு ஏன் வரல?"

ஏன் வரவில்லை என்று. என்னை. வேலை இருந்துச்சும்மா என்றேன்.

"எந்தக் கொல்ல?"

"மேலூர். நேத்து. நெசமாத்தான்."

"சரி, சோப்புக்காரரு எண்ணெய எடுத்துட்டுப் போயிட்டாரு. நாளைக்கி சும்மாவே வாங்க."

வைத்துவிட்டார். நல்ல சட்டை ஒன்று அலமாரியில் இருந்தது. எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.