அறுபது நொடி

மார்ச் 5, புதன்
நாங்கள் செய்த செயற்கை சுவாச இயந்திரங்கள் மூன்று இன்று ஆஸ்பத்திரிக்குப் போயின. வண்டி கிளம்பியதும் மேலாளர், "உங்க கான்ட்ராக்டை நீட்டிக்கச் சொல்லி எழுதிட்டேன்மா" என்றார். சந்தோஷப்பட வேண்டியவள், அடுப்பை அணைக்காமல் வந்தவள் மாதிரி தவித்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி
தெரிந்துவிட்டது. நோயாளியின் குழாய் கழன்றால் பத்து நொடியில் அலாரம் அடிக்க வேண்டும். குழாயைக் கழற்றிக் கழற்றி வேலை நடந்தபோது அது ஓயாமல் அலற, பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் புரோகிராமில் அறுபது என்று மாற்றினேன். சோதனைக்கு மட்டும் தினமும் என் மேசை இயந்திரத்தில் கையால் பத்து என்று போட்டுக்கொள்வேன். எல்லாச் சோதனையிலும் பாஸ். போன மூன்றிலும் அறுபது! எருமை. எருமை மாடு நான்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

மார்ச் 8, சனி
யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
கணவரிடம் சொன்னேன். அவருக்கு எல்லாமே விளையாட்டு. "அறுபது நொடி என்ன பெரிய இது?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பத்தெட்டில் முகம் சிவந்து, "ஐயோ, போதும்டி" என்று விட்டுவிட்டார். அதுவும் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்த மூச்சு. அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்
மேலாளர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். "அடுத்த வெர்ஷன்ல கமுக்கமா சரி பண்ணிக்கலாம். நர்ஸ் பக்கத்துலயேதானே இருப்பாங்க? கான்ட்ராக்ட் கையெழுத்தாகப் போற நேரத்துல ஏன்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கிறீங்க?"

நல்ல மனுஷன்தான். அதுதான் கஷ்டம். என் இடத்துக்கு வந்து ஆஸ்பத்திரி டாக்டருக்கு நானே போன் போட்டேன். மூன்றையும் நிறுத்தச் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்
ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றிலும் பத்து ஆக்கினேன். இதுதான் என் கடைசி வேலை, நீட்டிப்பு இல்லையாம். பரவாயில்லை என்று மிதப்பாகத்தான் இருந்தேன்.

வார்டு நர்ஸ் ஒரு படுக்கையைக் காட்டிச் சொன்னார்: "நல்லவேளை வந்தீங்க. இந்தம்மா இருமினப்ப குழாய் கழண்டுடுச்சு. மெஷின் கத்தவேயில்லை. ஏதோ தற்செயலா நான் திரும்பிப் பார்த்தேன், ஓடிவந்து மாட்டினேன்."

"எப்போ?"

"சனிக்கிழமை மத்தியானம்."

அந்த அம்மா இப்போது வேறொரு இயந்திரத்தில் மூச்சு விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். சனிக்கிழமை முழுக்க போன் என் கையில்தான் இருந்தது.