அணைக்காத அடுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

டாக்காவிலிருந்து மர்ஜினாவின் ஸலாம். உன் இருமல் எப்படி இருக்கிறது? இன்னும் வைக்கோலையும் வறட்டியையும்தான் ஊதிக்கொண்டிருக்கிறாயா? இங்கே குழாயில் வரும் கேஸில் புகையே கிடையாது. தையல் ஆலைக்கு ஓடுவதற்குள் சோறும் பருப்பும் ஆகிவிடும், பானையில் கரி ஒட்டாது. நீ இங்கே வந்தால் இருமல் நின்றுவிடும் என்று சொன்னேனே, அது இப்போதும் உண்மைதான்.

போன வாரம் பொது சமையலறையில் சின்னதாக ஒரு தீ. பயப்படாதே, வாசலில் நின்ற எனக்கு முன்முடி மட்டும்தான் கருகியது. எவ்வளவு எரித்தாலும் கேஸுக்கு ஒரே கட்டணம் என்பதால் இங்கே யாரும் அடுப்பை அணைப்பதில்லை. மேலே கொடி கட்டித் துணிகூடக் காயப்போடுவோம். நான் அணைக்கப் போனால் பக்கத்து அறை ஜொஹுரா அக்கா, "கேஸ் சும்மா வருது. தீப்பெட்டி உங்கப்பனா வாங்கித் தருவான்? விடுடி" என்று சிரிப்பாள். அன்றைக்குக் கேஸ் நின்று அடுப்பு தானாக அணைந்திருக்கிறது. பிறகு கேஸ் திரும்ப வந்தது யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு ஜலதோஷம், வாடை தெரியவில்லை. டீ போடலாம் என்று குச்சியைக் கிழித்தாள்.

அவளை அடக்கம் செய்ய ஊருக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடு, போர்த்திக்கொள்ள. ஈச்ச வெல்லமும் பொரியும் கொஞ்சம் நிறையவே அனுப்பு. ஆலைச் சங்கு ஊதுகிறது, கிளம்புகிறேன். அடுப்பைப் பற்றவைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, அம்மா.

மர்ஜினா