வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோணல் றேசர்

1976 ஜூன் 21, திங்கள்

எழும்பியதும் முதல் வேலை இவருடைய சேட் கொலரில் இரத்தக் கறை. குளிர்ந்த தண்ணீர், உப்பு, பழைய பல் பிரஷ். விரல்கள் மரத்துப் போயின. இந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம்; வெளியே புல்லெல்லாம் உறைபனி.

எஞ்சினியர் வேலைக்கு இவருடைய நேர்முகப் பரீட்சை வெள்ளிக்கிழமை காலை என்று நேற்றுத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை! வேறு கிழமை கிடைக்கவில்லையா அவர்களுக்கு. செவ்வாயும் வெள்ளியும் இவர் சேவ் எடுப்பதில்லை. விமானம் ஏறும்போது மாமிக்குக் கொடுத்த வாக்கு. ஒரே மகன், அந்தக் கிழமைகளில் முகத்தில் கத்தி பட்டால் தாய்க்கு ஆகாதாம். வெள்ளிக்கிழமை கன்ரீனில் இறைச்சி பை சாப்பிடுவது மட்டும் ஆகுமோ என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற."

வியாழன் மாலை எடுத்தால் மறுநாள் விடிய நீலம், பத்து மணிக்குக் கறுப்பு. அப்படியொரு தாடி. போன தடவை பரீட்சை செவ்வாயில் வந்தது. நடுவில் இருந்தவன், "என்ன, ராத்திரி முழுக்க நித்திரை இல்லையோ?" என்றானாம். எல்லாரும் சிரிக்க இவரும் சிரித்தாராம். பிறகு குரலே எழும்பவில்லையாம். ஊரில் பாலம் கட்டின எஞ்சினியர். இங்கே நாலு வருடமாக மற்றவன் போட்ட கணக்குக்கு வரைபடம் கீறுகிறார்.

நேற்றுச் சாப்பாட்டில் இவர்: "இந்த முறையும் இல்லையெண்டால் காணும். டிசம்பரில எல்லாரும் ஊருக்கே திரும்பிப் போவம். அங்க பழைய வேலையில எனக்கு இன்னும் ஒரு கதிரை இருக்கு."

வ. (மகள், பதினாறு, வசந்தி என்று முழுதாக எழுதப் பொறுமையில்லை) கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் ரசம் ஊற்றினேன். என் விருப்பத்தை நான் எப்போது சொன்னேன்.

ஆக, எங்கள் மூவருடைய டிசம்பரும் இந்த மனுசனின் தாடையில்.

பின்னேரம் பரமட்டா போய்ப் பெரிய கடையில், வியாழன் எடுத்தால் வெள்ளிவரை தாங்குகிற றேசர் இருக்கிறதா என்று கேட்டேன். புதிதாக வந்த இரட்டை பிளேட்டை அந்தப் பெண் நீட்டினாள். வீட்டில் இருக்கிறது, அடைத்துக்கொள்கிறது என்றேன். மின்சார சேவர்? அதுவும் இருக்கிறது, கத்துகிறதே தவிர வெட்டுவதில்லை. சாதாரண றேசரால் ஒரே இடத்தை மூன்று தரம் வழிக்கிறார், அதனால்தான் இரத்தம். "அப்படியென்றால் தாடி வளர்க்கலாமே" என்றாள், சூயிங்கம்மை மாற்றி மென்றுகொண்டு.

வாங்க வேண்டியது: பருப்பு, விம், வ.வுக்குக் காலுறை.

22, செவ்வாய்

மழைக்குணம். இவர் முகம் காட்டுப்பன்றி போல. வ. காலையில் அப்பாவைப் பார்த்து, "யூ லுக் லைக் அ பேங்க் ராபர், அப்பா."

"உம்மட மகளுக்கு வாய் கூடிப்போச்சு." இது எனக்கு. அவள் கெட்டிக்காரியாக இருக்கும்போது அவருடைய மகள்.

ராஜேஸ் அக்கா ஹோம்புஷிலிருந்து ரெலிபோனில். அவவுடைய மனுசனுக்கும் இவருடையது போல மொத்தமான தாடிதான். பரமட்டா ஸ்ரேசனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஹங்கேரிக்காரன் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறானாம், அவனிடம் சரிந்த தலை றேசர் இருக்கிறதாம். "ஆனா கவனம் பிள்ளை, இவர் முதல் நாள் மூக்கையும் வெட்டிப்போட்டார்."

"ஏனக்கா இதை முதலே சொல்லேல்லை?"

"நீர் கேட்டனீரோ?"

போனேன். நான் உள்ளே போனதும் காத்திருந்த ஆண்கள் கையிலிருந்த படப் புத்தகங்களைக் கவிழ்த்து வைத்தார்கள். ஹங்கேரிக்காரனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. கணவன் ஏன் வரவில்லை? வேலை. தாடி எப்படி? கம்பி. கழுத்தில் மயிர் எந்தப் பக்கம் பார்த்து வளர்கிறது?

தெரியாது என்றேன்.

"எத்தனை வருடம் கல்யாணமாகி?"

சொன்னேன். கதிரையில் சோப்பு நுரையோடு இருந்தவன் சிரித்தான். கழுத்தைப் பார்த்துக்கொண்டு வா, பிறகு விற்கிறேன் என்றான் கடைக்காரன். இவனும் ஒரு பரீட்சை வைக்கிறான்.

திரும்பும் ரெயினில் கோபம். பிறகு, உண்மையாகவே தெரியவில்லையே என்ற யோசனை. இவருடைய மேசையில் எந்தப் பென்சில் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும். கழுத்து தெரியாது. பகல் வெளிச்சத்தில் நான் இவர் முகத்தை நேராகப் பார்த்து எவ்வளவு காலம்.

23, புதன்

இவர் சேவ் எடுக்கையில் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

"என்ன பாக்கிறீர்?"

"துவாய் எடுக்க வந்தனான்."

"துவாய் உம்மட கையில கிடக்கு."

பார்த்துவிட்டேன். கன்னத்தில் கீழ்நோக்கி. கழுத்தில் இடப்பக்கம் ஒரு சுழி, தலை உச்சியில் இருப்பது போலவே. அதற்குக் கீழே எல்லாம் காதுப் பக்கம் படுத்து வளர்கிறது. மேலிருந்து கீழே இழுத்தால் எப்படி வழியும்? இந்தச் சுழியோடுதான் இவ்வளவு காலமும் சண்டை பிடித்திருக்கிறார். நாடியில் மூன்று நரை. எனக்கும் நாடியில் இரண்டு மயிர், கதவைப் பூட்டிக்கொண்டு பிடுங்குகிறேன், அதை இவர் அறியார். சரிக்குச் சரி.

ஹங்கேரிக்காரனிடம் சுழியைத் தாளில் கீறியே காட்டினேன். ஒப்புக்கொண்டான். இரண்டு றேசர் வைத்தான். இரண்டிலும் தலைத் தகடு முறுக்கின மாதிரி; பிளேட்டை இறுக்கினால் அதுவும் வளைந்து ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். தக்காளியை நேராக அழுத்தினால் நசியும், சரித்து இழுத்தால் வெட்டும். அவ்வளவுதான் விஷயம், குசினியில் நிற்கிற எவளுக்கும் விளங்கும். அவன் அதைக் கால் மணித்தியாலம் விளக்கினான்.

ஒன்று நீளப் பிடி, பாரம், வெள்ளிபோல மினுக்கம். மற்றது கட்டைப் பிடி, மெல்லியது, பார்வைக்கு ஒன்றுமில்லை. முதல் தரம் என்றால் கட்டையை எடு, கைக்கு அடங்கும் என்றான். நான் நீளத்தை எடுத்தேன். பாரமாக இல்லாத எதையும் இவர் மதிக்கமாட்டார் என்ற கணக்கு.

வீட்டு மேசையில் பெட்டியோடு வைத்துவிட்டு வ.வைக் கூட்டிவர நூலகத்துக்குப் போனேன். உள்ளே இருந்த விளக்கத் தாள் ஜெர்மன் மொழியில். வந்து நானே சொல்லலாம் என்று விட்டேன்.

வந்தோம். கராஜில் லைற். சுத்தியல் சத்தம்.

"இஞ்சேரும், உம்மை நல்லா ஏமாத்திப்போட்டான். கோணல் சாமானைத் தள்ளிவிட்டிருக்கிறான்." வைஸ் இடுக்கியில் துணி சுற்றி றேசர் தலை. பக்கத்தில் மட்டம் பார்க்கும் இரும்பு அடிமட்டம். "பயப்பிடாதையும், நிமித்திப்போட்டன். இப்ப பாரும், மயிரிழை வித்தியாசம் இல்லை."

உண்மைதான். ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை.

"அது கோணலாத்தான் இருக்கவேணும்."

"கோணலா இருக்கவேணும் எண்டு ஆர் செய்வான்?"

"செய்தவன் செய்திருக்கிறான்! அதுக்குத்தான் வாங்கினது!"

வ. கராஜ் வாசலில் குந்தி இருந்து கண்ணீர் வரச் சிரித்தாள். இவர் அடிமட்டத்தை இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். "அப்ப ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் ஒன்று கோணலாகக் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தவள் நான்தானே. கதவுப் பிணைச்சல், ரேடியோ ஏரியல், போன வருடம் ராஜேஸ் அக்கா தந்த வளைந்த மூக்குப் பூச்சாடி.

போய்ப் புட்டு அவித்தேன்.

24, வியாழன்

காற்று. எதிர்ப்பக்கம் புதிய ஆஸ்பத்திரிக்குக் கட்டிடம் எழும்புகிற தூசி முழுக்க என் உடுப்புக் கொடியில். திறக்கும்போது ஆய்வுகூடத்துக்கும் ஆள் எடுப்பார்களாம், பக்கத்து வீட்டு நேர்ஸ் சொன்னாள். என் பி.எஸ்ஸி. பத்திரம் சேலைகளுக்கு அடியில்.

கடைகள் இன்று இரவு வரை. திரும்பவும் ஹங்கேரிக்காரன். நிமிர்த்திய றேசரைக் கையில் வாங்கி, விளக்கில் பிடித்து, மற்ற ஆண்களுக்கெல்லாம் காட்டினான். எஞ்சினியரா? எஞ்சினியர்தான் என்றேன். "நல்ல வேலை. மிக நேர்." ஒருவன் தொடையில் தட்டிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, வேண்டுமென்று அடக்கினேன். என் வீட்டு மனுசனை வைத்து நான் சிரிக்கலாம், இவர்கள் ஏன்.

கட்டையை வாங்கினேன்.

வீட்டில் இவர்: "பரீட்சைக்கு முதல் நாள் புதுக் கத்தியோ? விடும். இருக்கிறதே காணும்."

"இருங்கோ கதிரையில."

"என்ன?"

"குசினிக் கதிரையில இருங்கோ. நான் எடுத்துவிடுறன்."

என் குரலா அது. இருந்தார். சுடுதண்ணீர்த் துவாய், நுரை, கன்னம் கீழ்நோக்கி. அழுத்தாதே, பாரத்தில் போகவிடு என்று அவன் சொன்னது. சுழியை நாலு பக்கமும் சுற்றி வந்தேன். மயிர் வெட்டுப்பட, பொரிகிற சத்தம். நுரைக்கு அடியிலிருந்து வேறு ஒருவருடைய முகம் வந்தது, கொழும்பில் என்னைப் பெண் பார்க்க வந்தவருடையது. காதுக்குக் கீழே ஒரேயொரு கீறல்.

நாடியை நான் பிடித்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "கிடைக்காட்டி ஒண்டுமில்லை. அங்க போனா எல்லாம் சரிவரும். அம்மாவும் தனிய. நீரும் இஞ்ச என்னத்தைக் கண்டீர்?"

றேசர் தொண்டையில். அசைந்தால் வெட்டும். அசையாமல் நின்றேன். பதில் சொல்ல நல்ல இடம்தான், ஆனால் அவரால் தலையாட்டவும் முடியாது, அது நியாயமில்லை. துவாயால் துடைத்துவிட்டேன்.

வ. எட்டிப் பார்த்து, "வாவ்." தடவிப் பார்த்து இன்னொரு வாவ்.

25, வெள்ளி

தெளிந்த வானம், கடும் குளிர். மரக்கறிச் சமையல். விடியக் கன்னத்தில் நீலம் இருந்தது, ஆனால் மெல்லிய நீலம். மாமிக்குக் கொடுத்த வாக்கும் கெடவில்லை. கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "மோசமில்லை" என்றார். அது எனக்கா, றேசருக்கா தெரியாது. கொலர் சுத்தம்.

மத்தியானம் ரெலிபோன். "பரீட்சைக்குப் போயிட்டு வந்திட்டன்."

"என்ன சொன்னவை?"

"அடுத்த கிழமை அறிவிப்பினமாம். இந்த முறை முகத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நான் நல்லாக் கதைச்சனான் எண்டு நினைக்கிறன்." பிறகு, "இல்லையெண்டாலும் பரவாயில்லை. டிசம்பர் இருக்குத்தானே."

"ஓம்" என்றேன். பழக்கத்தில் வந்த ஓம். ரெலிபோனை வைத்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஒரே எரிச்சல். நான்கு நாள் ஓடித் திரிந்தது இவருக்கு வேலை கிடைக்க என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. நான் இங்கே இருப்பதற்காக ஓடியிருக்கிறேன். அதை வாய் திறந்து சொல்வதற்குப் பதிலாக இன்னொருவரின் தாடையை வழித்திருக்கிறேன்.

சேலைகளுக்கு அடியிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரம் மட்டும் மஞ்சள்.

றேசரைக் கழற்றிக் கழுவி, துடைத்து, கோணல் கெடாமல் பெட்டியில் வைத்தாயிற்று. டிசம்பரில் போவதென்றால் இவர் அதைக் கொண்டு போகட்டும். நானும் வ.வும் இங்கேதான். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.