டவர் அணையவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருந்தால் அதுவே போதும். வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது, சேறுதான் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அம்மா கழுவிய இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. மர பீரோ உப்பிப்போய்க் கதவைத் திறக்க முடியவில்லை.

அன்று போனில் நீ, "என்னப்பா, உங்க டவரையே உங்களால காப்பாத்த முடியலையா? சித்தப்பா போயிட்டாரே" என்று கேட்டாய். நான் பார்த்துக்கொள்ளும் செல்போன் டவர் அணையவே இல்லையம்மா. இடுப்பளவு தண்ணீரில் டீசல் கேனைத் தலையில் சுமந்து டவர் நிற்கும் மாடிக்கு ஏற்றினேன், டீசல் சீக்கிரம் தீரக்கூடாதென்று இன்டர்நெட்டை நிறுத்திவிட்டுப் பேசுவதற்கு மட்டும் விட்டுவைத்தோம், ஜெனரேட்டர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனால் ஒரு டவரில் ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் பேச முடியும். டிவியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் பெற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கிடைக்காவிட்டால் மறுபடி, அதற்கப்புறம் மறுபடி. பிறகு எங்கள் இன்ஜினியர்தான் இதை எனக்குக் காட்டினார். சித்தப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது சித்தி படகுக்காரருக்கும் எனக்கும் மாறி மாறி அடித்திருக்கிறாள், லைன் எல்லாம் நிரம்பிக் கிடந்ததால் ஒன்றும் போகவில்லை. டவருக்குக் கீழேயே உட்கார்ந்து பச்சை விளக்கைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன், என் போன் அடிக்கவே இல்லை.

"விடாம அடிச்சிட்டே இருந்தேன்பா, லைனே கிடைக்கல" என்று நீ அழுதாயே. உன்மேல் தப்பில்லை, எந்தப் பிள்ளைதான் கூப்பிடாமல் இருக்கும்? போனில் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன். சித்தி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டவர் நின்றுபோனதாகவே அவள் நினைத்துக்கொள்ளட்டும், என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும், நீ எதுவும் சொல்லிவிடாதே. இன்னும் நிறைய பேர் பேசுகிற மாதிரி டவரைப் பெரிதாக்கச் சொல்லி ஆபீசில் கேட்டால் அடுத்த மழைக்குள் பார்க்கலாம் என்கிறார்கள், அடுத்த மழையோ தலைக்கு மேல் வந்து நிற்கிறது. எனக்கு இந்த வேலை வெறுத்துப்போய்விட்டது பாப்பா, எதற்காக அந்தக் கேனைச் சுமந்தேன் என்றே தெரியவில்லை.

குட்டிக்கு இருமல் விட்டதா? மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே மறுபடி வெள்ளம் என்று கேள்விப்பட்டால் எங்களைக் கூப்பிடாதே. ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டுக் காத்திரு, பதில் வர நாளானாலும் பொறுத்துக்கொள். உன் குரல் கேட்காமல் அம்மா துடிப்பாள், நானும்தான். ஆனாலும் கூப்பிடாதே, அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு லைன் கிடைக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா