உள்ளே போகாத குழல்

நவம்பர் 3, வியாழன்

அல்ஜீப்ரா தேர்வு சுமார். மதியம் பேஸ்டி, கறி அடைத்த ரொட்டி. உருளைக்கிழங்குதான் நிறைய, கறியைத் தேட வேண்டியிருந்தது.

பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியபோது தபால் பெட்டிமேல் நீளமான அட்டைக் குழாய் ஒன்று சாய்ந்து நின்றது. அப்பா பெயர் எழுதியிருந்தது. தூக்கினேன், நினைத்ததைவிடக் கனம். அப்பா படியிலேயே வாங்கிக்கொண்டார். "திரைச்சீலைக் கம்பி. அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு. வாயத் திறக்காத, சரியா குட்டி?" என்று கண்ணடித்தார்.

எங்கள் வீட்டில் திரைச்சீலையை மாற்றிப் பல வருடம் ஆகிறது.

நவம்பர் 5, சனி

திரைச்சீலைக் கம்பி இல்லை.

சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சவுனாவில், நீராவிக் குளியலறையில், அடுப்பை மூட்டுவது என் வேலை. விறகோடு போனேன். வெளியறையில், நாங்கள் உடை கழற்றிப் போடும் பெஞ்சில் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் புதுத் துப்பாக்கிக் குழல், எண்ணெய் மினுமினுப்போடு. பக்கத்தில் ஓர் அலுமினியத் துண்டு. அப்பா பன்னிரண்டு வயதில் வாங்கிய சின்னத் துப்பாக்கியின் நடுத்துண்டு அது. முயல், அணில் அடிக்கிற இருபத்திரண்டு காலிபர். ஒருமுறை குழலில் பனி அடைத்திருப்பது தெரியாமல் சுட்டுவிட்டாராம். எலி விழுங்கின பாம்பு மாதிரி குழல் வீங்கிப்போய், கழற்றி எறிந்துவிட்டார். மிச்சமெல்லாம் ஒரு காபி டப்பாவில் கிடந்தது. ஜூனில் ஷெரிப் ஆட்கள் வந்து வீட்டிலிருந்த துப்பாக்கிகளை எடுத்துப்போனபோது காபி டப்பாவை யார் திறந்து பார்த்தார்கள்?

ஜூனைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். அப்பா குடித்திருந்தார். அம்மா சமையலறைக் கதவருகே நின்றாள். ஒரே குண்டு. அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பாய்ந்தது. அந்த ஓட்டைமேல் இப்போது தேவாலயக் காலண்டர் தொங்குகிறது. காலண்டர் ஏன் அந்த மூலையில் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நீதிபதி சொன்னது இரண்டே நிபந்தனை: குடிக்கக் கூடாது, துப்பாக்கி கையில் இருக்கக் கூடாது. மீறினால் சிறை. அப்பா குடிப்பதில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். "முயலுக்குத்தான். அம்மாகிட்ட சொல்லாத, அவளுக்கு இல்லாததெல்லாம் தோணும்" என்றார். பிறகு, நான் இருப்பதையே மறந்து, குழலை நடுத்துண்டின் துளைக்குள் திணித்தார். அரை விரல் போய் நின்றுவிட்டது. திருகினார், மரச் சுத்தியலால் தட்டினார். போகவில்லை.

போகக் கூடாது. கடவுளே, போகவே கூடாது.

நவம்பர் 8, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது வெறும் குழாய்டி. உள்ள போகலேன்னு நீயே சொல்றே. விடு. இப்பதான் மனுஷன் ஒழுங்கா இருக்கார்."

நவம்பர் 10, வியாழன்

நீதிமன்றம் அனுப்பும் நன்னடத்தை அதிகாரி ட்ரெம்பாத் அம்மா வந்தார். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார், மாதம் ஒருமுறை எப்படியும் வருவார். அவர் வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டதும் அப்பா பின்கதவு வழியே போனார். பாதி நுழைந்த குழலைச் சுத்தியலால் தட்டி எடுத்து விறகடுக்கின் கூரையில் செருகிவிட்டு, நடுத்துண்டைச் சவுனாவுக்குள் மேல் பெஞ்சின் பலகைக்குப் பின்னால் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தார். "விறகு பிளந்துக்கிட்டிருந்தேன்" என்று சிரித்தார்.

ட்ரெம்பாத் அம்மா பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். கட்டைவிரல் பக்கம் காலுறை கிழிந்திருந்தது. கராஜைப் பார்த்தார், அலமாரிகளைப் பார்த்தார். சவுனாவை எட்டிப்பார்த்ததோடு சரி. சவுனாவில் தேவாலயத்தில் இருப்பதுபோல இருக்க வேண்டும் என்று எங்களைப் போன்ற பின்லாந்து வழி வீடுகளில் எல்லாக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே போய் யார் பலகையைப் பெயர்ப்பார்கள்?

போனதும் அப்பா சொன்னார்: "துண்டு துண்டா இருக்கிற வரைக்கும் அது துப்பாக்கியே இல்ல."

நவம்பர் 15, செவ்வாய்

மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளி விடுமுறை. விடியுமுன்பே சாலை முழுக்க வண்டிகள், எல்லார் முதுகிலும் ஆரஞ்சுச் சட்டை. அப்பா ஜன்னலருகே காபிக் கோப்பையோடு நின்றார். காபி ஆறிப்போயிற்று.

ராய் வண்டியை நிறுத்தினார். அப்பாவும் அவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. "என்ன கார்ல், இந்த வருஷம் மானுக்கு வலை வீசப் போறியா?" அப்பா சிரித்தார். வண்டி போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சவுனாப் பக்கம் போனார். நாள் முழுக்க டொக் டொக்.

அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும்?

நவம்பர் 17, வியாழன்

பள்ளியின் துப்பாக்கி சுடும் கழகத்தை நடத்துவது எங்கள் பேருந்து ஓட்டுநர் பெலேயர் சார். ஜூனுக்குப் பிறகு நான் சுடுவதில்லை. இலக்குத் தாள் ஒட்டிக்கொடுப்பேன், அவ்வளவுதான். இன்று கழகத்துத் துப்பாக்கி ஒன்றுக்குப் புதுக் குழல் மாட்டியதைச் சொன்னார். அதுவும் இருபத்திரண்டு. கடைக் குழல் இறுக்கமாகத்தான் வருமாம். "நம்பர் அடிச்ச இந்த நடுத்துண்டுதான் துப்பாக்கி. அதுல கை வைக்காதே. மத்ததெல்லாம் மறுபடி வாங்கிக்கலாம்."

எப்படி மாட்டினார் என்று யாரோ கேட்டார்கள். குழலை ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் மான்கறியோடு போட்டு வைத்தாராம். காலையில் மனைவியின் முடி உலர்த்தியால் நடுத்துண்டைச் சூடாக்கினாராம். குளிர்ந்தது சுருங்கும், சூடானது விரியும். "காலுறைக்குள்ள கால் போற மாதிரி போச்சு. ஆறினதுக்கப்புறம் இழுத்துப் பாருங்க. யானை இழுத்தாலும் வராது."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் நடுத்துண்டு இருப்பது சவுனாவின் மேல் பெஞ்சுக்குப் பின்னால். சூடு முழுக்க அங்கேதான் போய் நிற்கும். குழல் இருப்பது பனியில், கூரையடியில். இத்தனை நாள் அப்பா முயன்றதெல்லாம் அடுப்பு எரியாதபோது.

சனிக்கிழமை அடுப்பு மூட்டுவது நான்.

நவம்பர் 19, சனி

ஈர விறகாகப் பொறுக்கிப் போட்டேன். கல்லில் தண்ணீர் ஊற்றினால் சீறக்கூட இல்லை. "இது என்ன சவுனாவா, ஸ்வீடன்காரன் சாக்ஸ் காயவைக்கிற அறையா?" என்றார் அப்பா. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. நானும் சிரித்தேன்.

நவம்பர் 26, சனி

இன்றும் மந்தமாகத்தான் மூட்டினேன். இந்த முறை அப்பா கேலி செய்யவில்லை. "அடுப்பு மூட்டத் தெரியாத பொண்ணு இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

பிறகு, உடம்பு துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "உங்க பெலேயர் கழகத்துத் துப்பாக்கிக்குக் குழல் மாத்தினாராமே. எப்படி மாட்டினார்?"

"தெரியலப்பா. நான் அன்னிக்குத் தாள் ஒட்டிக்கிட்டிருந்தேன்."

தெரியாது என்று சொன்னது சரியாகத்தான் வந்ததா? குரல் நடுங்கிற்றா? அவர் உப்புத்தாளால் குழலின் அடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்தாலும் ஆடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் இருக்கும்வரை நல்லது.

டிசம்பர் 1, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். பேருந்தில் எல்லாரும் இறங்கும்வரை இருந்து, பெலேயர் சார் இருக்கைக்குப் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் பார்த்தார். "என்னம்மா ஐலா?"

சொன்னால் அப்பா சிறைக்குப் போவார். என்னால்தான் என்று அவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"பின்னால ஹீட்டர் வேலை செய்யல சார்."

"பாக்கச் சொல்றேன்."

டிசம்பர் 3, சனி

அடுப்பு மந்தம். குழல் அதே அரை விரலில்.

டிசம்பர் 10, சனி

போய்விட்டது. உள்ளே போய்விட்டது.

கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்குத் தேவாலயத்துக்குப் போயிருந்தேன். சீக்கிரம் வந்துவிடலாம் என்று நினைத்தேன், பாஸ்டர் விடவில்லை. திரும்பி வரும்போது தூரத்திலேயே சவுனாப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டேன். நிமிர்ந்த புகை. காய்ந்த பிர்ச் விறகு. அம்மா மூட்டியிருக்கிறாள். "பாவம், மூணு வாரமா நல்ல சூடே இல்லாமக் குளிக்கிறார், அதான் நானே" என்றாள். நான்தானே அவளிடம் சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். ஏன்டி ஐலா சொல்லல? ஏன் சொல்லல?

குளித்து முடித்தவர் கைபோன போக்கில் நடுத்துண்டை எடுத்திருக்கிறார். கை சுட்டதாம். துண்டால் பிடித்துக்கொண்டு, பனியில் கிடந்த குழலை எடுத்து வைத்தாராம். வைத்ததும் போய்விட்டதாம். நான் போனபோது இடுப்பில் துண்டோடு, வெறுங்காலோடு பனியில் நின்றார், உடம்பெல்லாம் ஆவி. கையில் முழுத் துப்பாக்கி. "பாரு குட்டி, தானா போயிடுச்சு! தட்டவே இல்ல!" பன்னிரண்டு வயதுப் பையன் முகம்.

இரவு அவரே அடுப்பில் பன்னுகாக்கு, எங்கள் முட்டை அப்பம், சுட்டார். எனக்குப் பெரிய துண்டு.

டிசம்பர் 11, ஞாயிறு

ராய் ஒரு பெட்டி தோட்டா கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 16, வெள்ளி

அம்மா சித்தியோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா வந்தார், கையில் பீர் டின். "ஒண்ணே ஒண்ணு. வெள்ளிக்கிழமை." துப்பாக்கியைச் சமையலறை மேசையில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். மெதுவாக, துணியால், மேலும் கீழும். குழலின் வாய் கதவுப் பக்கம் பார்த்திருந்தது, காலண்டர் பக்கம். அவர் வேண்டுமென்று அப்படி வைத்தாரா? தெரியவில்லை. அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தி ஃபோனை வைத்தாள்.

"ஏன் வச்சுட்டே? பேசு. நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அப்பா.

அவள் ரொட்டி வெட்டினாள். குழலின் வாய் எங்கே பார்த்திருக்கிறது என்று அவளும் பார்த்தாள். "படிக்கப் போடி" என்றாள்.

என்னால என்ன பண்ண முடியும்? எனக்குப் பதினாலு வயசு. யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? காலேல அவர் எனக்குப் பனி வழிச்சு விடுறார், பஸ் வர்ற வரைக்கும் கூட நிக்கிறார்.

டிசம்பர் 18, ஞாயிறு

இரண்டாவது டின்.

டிசம்பர் 21, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ராத்திரி முழுக்கப் பனி. பள்ளி மூடல். இந்தப் பனியில் யாரும் வரமாட்டார்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோதே ட்ரெம்பாத் அம்மாவின் வண்டி கீழே திரும்பிற்று. பாதி மேட்டில் சிக்கிக்கொண்டது. அவர் இறங்கி நடக்க ஆரம்பித்தார். அப்பா துப்பாக்கியோடு பின்பக்கம் ஓடினார். எனக்குத் தெரியும் அவர் என்ன செய்யப் போகிறார் என்று. முழுத் துப்பாக்கி பெஞ்சுப் பலகைக்குப் பின்னால் நுழையாது. பனியில் புதைத்தால் காலடித் தடம் காட்டிக்கொடுக்கும். பழையபடி துண்டாக்க வேண்டும்.

ட்ரெம்பாத் அம்மா பூட்ஸைக் கழற்றி, பனியைத் தட்டி, மேசையில் உட்கார்ந்தார். அம்மா காபி ஊற்றினாள், ஏலக்காய் ரொட்டி வைத்தாள். அப்போது ஆரம்பித்தது. டொக். டொக். பிறகு டங். டங். டங்.

"கார்ல் என்ன பண்றார்?"

"விறகு" என்றாள் அம்மா.

டங். டங்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஐலா, அந்த ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வை. பனி நிலவரம் சொல்லுவான்."

ரேடியோ என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும். என் கை மடியிலேயே இருந்தது. நான் வேண்டாமென்று தீர்மானித்தேனா, கைதான் வரவில்லையா? இப்போதும் தெரியவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டங். டங். டங்.

ட்ரெம்பாத் அம்மா என் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "விறகுல இரும்புச் சத்தம் வராதேம்மா."

"அது கழலாது மேடம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். முதலில் ஃபோன் பேசினார். பிறகு பூட்ஸ், ஒவ்வொரு நாடாவாக. எங்களை முன்பக்க அறைக்குப் போகச் சொன்னார். ஷெரிப் ஆள் வரும்வரை சவுனாப் பக்கம் போகவில்லை. அதுவரை அந்தச் சத்தம் நிற்கவில்லை. திருகுகளைக் கழற்றியிருப்பார், குழலைக் காலில் இடுக்கி அடித்திருப்பார். சவுனா சூடாக இருந்திருந்தால் வந்திருக்கும். இன்று புதன்கிழமை.

சத்தம் நின்றது. அவரே வெளியே வந்தார். துப்பாக்கியைப் பனிமேல் மெதுவாக வைத்தார், அழுக்குப் படாமல் வைப்பதுபோல. உள்ளங்கை கிழிந்திருந்தது. வண்டியில் ஏறுமுன் ஜன்னலில் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் மாட்டியிருக்கேன், இல்ல குட்டி?"

டிசம்பர் 22, வியாழன்

"ரேடியோ வைன்னு ஒரு வார்த்தை சொன்னேன்." அம்மா இன்று பேசியது இது மட்டும்.

டிசம்பர் 25, ஞாயிறு

சித்தி ஹாம் கொண்டுவந்தாள். அம்மா சித்தியோடு பேசினாள். என்னோடு இல்லை.

ஜனவரி 7, சனி

காலையில் அம்மா பழைய காலண்டரை எடுத்தாள். புதுசை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஓட்டையை மூடவில்லை.

சாயங்காலம் சவுனா மூட்டினேன், பழக்கத்தில் ஈர விறகைத்தான் எடுத்தேன். பாதி வழியில் நினைவு வந்து, திரும்பிப் போய்க் காய்ந்ததை எடுத்தேன். அம்மா வருவாள் என்று நினைக்கவில்லை. இரண்டு சனிக்கிழமையாக நான் முடித்த பிறகு தனியாகத்தான் குளிக்கிறாள். இன்று கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மேல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் அந்தப் பலகை இன்னும் பெயர்ந்தே இருந்தது. அவள் அதில் சாய்ந்துகொண்டாள். முகத்தில் வழிந்தது வியர்வையா என்று நான் பார்க்கவில்லை.

கல்லில் தண்ணீர் ஊற்றினேன், சீறிற்று.

"இன்னொரு கட்டை போடு" என்றாள்.